பழைய காரின் ஏ.சி. ஹோஸ்: புதிதாக வாங்குவதா, பழைய முனைகளைக் காப்பாற்றுவதா?

பழைய காரின் ஏ.சி. ஹோஸை, அதாவது குளிரூட்டும் வாயு ஓடும் ரப்பர் குழாயை, மாற்றுவதென்று முடிவெடுத்தவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கார் நிறுவனத்தின் அசல் பாகம், பிற தயாரிப்பாளர்களின் ஆயத்த ஹோஸ், பழைய உலோக முனைகளில் புதிய ரப்பரைக் கிரிம்ப் செய்து (உலோக வளையத்தை நசுக்கிப் பிடிக்கவைத்து) வாங்குவது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், ஹோஸின் உள்ளே நைலான் படலம் உள்ள 'பேரியர்' வகைதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1990களின் முற்பகுதி வரை கார்களில் பயன்பட்ட ஆர்-12 வாயுவுக்காகச் செய்யப்பட்ட சாதாரண ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக, அந்த வாயுவுக்குப் பதிலாக வந்த, அதைவிடச் சிறிய மூலக்கூறுகளைக் கொண்ட ஆர்-134ஏ மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

அசல் பாகம் வளைவிலும் நீளத்திலும் பிசகாமல் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் மிகப் பழைய கார்களுக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த சரக்கு. பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தாலும் உள்ளிருக்கும் ரப்பருக்கு வயதாகியிருக்கும், அது பேரியர் வகையாக இல்லாமலும் போகலாம்.

ஆயத்த ஹோஸ் விலையில் எளிது, உடனே மாட்டிவிடலாம். அதிகம் விற்ற கார்களுக்கு இதுவே போதும். முனையின் கோணமோ நீளமோ சற்று மாறினாலும், எஞ்சினோடு சேர்ந்து அசையும் கம்ப்ரஸருக்கும் (வாயுவை அழுத்தும் பாகம்) அசையாத கண்டென்சருக்கும் (வாயுவின் சூட்டை வெளியேற்றும் பாகம்) இடையே ஹோஸ் இழுபட்டுச் சீக்கிரம் விரிசல் விடும் என்பதால், பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் வாங்கக் கூடாது.

மூன்றாவது வழியையே நான் பெரிதும் விரும்புகிறேன். காரின் உடலமைப்புக்கென்றே வளைக்கப்பட்ட உலோகக் குழாய்கள் அப்படியே காப்பாற்றப்படுகின்றன. தேய்ந்துபோகும் ரப்பர் மட்டுமே மாறுகிறது. ஹோஸின் உள்விட்டம் பொதுவாகத் திரவ வழிக்கு 8 மி.மீ., கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் வழிக்கு 10 மி.மீ., உறிஞ்சும் வழிக்கு 13 அல்லது 16 மி.மீ. என்ற அளவுகளில் இருக்கும். கழற்றியதை அளந்தே புதியதை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று கோடிட்டுக் குறித்துவைக்காவிட்டால், பொருத்தும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. சாதாரண ரப்பருக்காகச் செய்த பழைய முனைகளின் கூரான விளிம்புகள் பேரியர் ஹோஸின் நைலான் படலத்தைக் கீறிவிடக்கூடும். அத்தகைய முனையை வெட்டியெடுத்து, பேரியர் ஹோஸுக்குரிய முனையை அதே குழாயில் பற்றவைப்பதே சரி. கிரிம்ப் செய்யாமல் திருகுக் கவ்வியைப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்கவே வேண்டாம். அலுமினியக் குழாய் அரித்துப் பொடிந்திருந்தால், இந்த வழியை விட்டுவிட்டு ஆயத்த ஹோஸுக்குப் போவதே நல்லது.

எந்த ஹோஸை மாட்டினாலும் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும், ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரையும் கூடவே மாற்ற வேண்டும். திறந்து கிடந்த டிரையர் காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்திருக்கும். ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு மாறுபவர்கள் கம்ப்ரஸர் எண்ணெயையும் மாற்ற வேண்டும், ஏனெனில் பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலந்து கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது.