மருத்துவப் படிப்புக்கு வெளிநாடு அனுப்பும் ஏஜென்சி: பேப்பர் வேலைக்கு நல்லம், தெரிவுக்கு வேண்டாம்

அக்காவின் மகளுக்கு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பயோவில் நல்ல பெறுபேறு, ஆனால் மருத்துவ பீடத்துக்கான யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அதனால் டவுனில் உள்ள ஒரு ஏஜென்சி மூலம் விண்ணப்பித்தோம். பங்களாதேஷ், ரஷ்யா, சீனா என்று மூன்று ஒஃபர் வந்தது.

பேப்பர் வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கிற கொன்சியுலர் அலுவலகத்தில் உறுதிப்படுத்தல், விசா படிவம் எதிலும் பிழை இல்லை. இரவில் போன் எடுத்தாலும் பதில் சொல்வார்கள்.

ஆனால் மூன்றில் எது நல்லது என்று கேட்டால், லமினேட் பண்ணின ஒரு தாளை மேசையில் வைக்கிறார்கள். கட்டணம், ஹொஸ்டல், சோறு கிடைக்குமா, எல்லாம் அதில் இருக்கு. ஈ.ஆர்.பி.எம். பற்றி ஒரு வரி கிடையாது. வெளிநாட்டில் படித்து வருகிற பிள்ளை இலங்கை மருத்துவ சபையின் அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணினால்தான் இங்கே உள்ளகப் பயிற்சிக்கே போகலாம், படித்த பல்கலைக்கழகத்தையும் சபை அங்கீகரித்திருக்க வேண்டும். கேட்டேன். "தம்பி, அதெல்லாம் படிச்சு முடிச்சாப் பிறகு யோசிக்கிற விஷயம்" என்றார் அங்கே இருந்தவர். எனக்குச் சரியான கோபம். காசைக் கட்ட முதல் யோசிக்க வேண்டியதே அதைத்தானே!

பிறகு சபையின் இணையத்தளத்தில் இருக்கும் பட்டியலில் மூன்று பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே நகரத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வேறு கல்லூரிகளும் இருக்கும், கவனம்.

ஏஜென்சி தந்த மாணவர் நம்பரில் ஹொஸ்டல் கதைதான் கிடைத்தது. நாங்களாகத் தேடிப் பிடித்த பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்டோம்: வார்டில் நோயாளியோடு நீங்களே கதைத்து, தொட்டுப் பரிசோதிக்கிறீர்களா? ரஷ்யாவிலும் சீனாவிலும் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் கட்டிலில் கிடப்பவர் தன் மொழியில்தான் வருத்தத்தைச் சொல்வார், அந்த மொழி நன்றாக வராத பிள்ளை பின்னால்தான் நிற்க வேண்டி வரும். பங்களாதேஷில் வங்காளம் படிக்க வேண்டும், அது உண்மை. ஆனால் அங்கே வார்டில் நோயாளிகள் நிறையப் பேர், டெங்கு மாதிரி நம் ஊரில் பார்க்கிற வருத்தங்களே அங்கும் அதிகம். ஈ.ஆர்.பி.எம்.மில் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டுகிற பகுதியும் இருப்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

இன்னொன்று. ஏ.எல். மூன்று தரம் எழுதலாம். இரண்டாம் தரம் எழுதி 1978இலிருந்து இயங்கும் யாழ் மருத்துவ பீடத்துக்குக் கட்டணமே இல்லாமல் போக வாய்ப்பு இருக்கிற பிள்ளையிடமும் "இந்தக் கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டுங்கோ" என்று அவசரப்படுத்துவது சரியில்லை. மகள் யோசித்து, பங்களாதேஷ் என்று தானே முடிவெடுத்தாள்.

பேப்பர் வேலைக்கு ஐந்துக்கு நாலு, ஆலோசனைக்கு ஒன்று. அட்வான்ஸ் கட்ட முதல், விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள்.