38,500 ரூபாயும் போய், அம்மப்பாவின் வெள்ளி நாணயமும் பாழாகி விட்டது

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் பழைய நாணயம் வாங்கி விற்கிற கடை ஒன்று. பெயர் சொல்லவில்லை. "கிளீன் பண்ணி, வெளிநாட்டுக்கு அனுப்பி கிரேடிங் எடுத்துத் தருவோம்" என்று சொல்லி என்னிடம் வாங்கியது 38,500 ரூபாய். கிரேடிங் என்றால் நாணயத்தின் நிலையைப் பார்த்து நம்பர் போட்டு, உறையில் அடைத்துத் தருவது.

நாணயம் 1821ஆம் ஆண்டு ரிக்ஸ் டாலர். நான்காம் ஜோர்ஜ் காலத்தில் இலங்கைக்கென்று அடித்தது, ஒரு பக்கம் அரசன் தலை, மறுபக்கம் யானை. அம்மப்பா துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். சாம்பலும் நீலமுமாய்க் கறுத்திருந்தது, அந்தக் கறுப்புத்தான் அதன் அழகு என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் நம்பினதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த மனிதர் வெள்ளைக் கையுறை போட்டு, கறுப்பு வெல்வெட் துணி விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, லென்ஸை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தார். "தங்கச்சி, இதையெல்லாம் வெறுங்கையால தொடக்கூடாது" என்றார். இவ்வளவு பக்குவமாய்ப் பிடிக்கிறவர் கெடுக்க மாட்டார் என்று நினைத்து, அங்கேயே காசை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து வந்தது. நம்பரே இல்லை! 'டீடெயில்ஸ், கிளீன்ட்' என்று மட்டும் லேபிள், அதாவது சுத்தம் செய்து கெடுத்த நாணயம், அதனால் நம்பர் போடவில்லை என்று அர்த்தம். நாணயம் புதுச் சில்வர் கரண்டி மாதிரி வெளேரென்று இருக்கிறது. விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் யானையின் வயிற்றில் முடி போல மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். கால்களுக்கு இடையில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது.

கடைக்குப் போனேன். "முதலாளி வெளியில." மறுநாள் போன் எடுத்தேன், "கிரேடிங்காரர் அப்படித்தான் எழுதுவாங்கள், நீங்கள் விளங்காமல் கதைக்கிறீங்கள்." மூன்றாம் தடவை போனபோது கடைப் பொடியன் வாய்தவறிச் சொல்லிவிட்டான், "அக்கா, அப்பச்சோடா போட்டு வடிவா மினுக்கித்தானே தந்தம்." 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்பச்சோடா! கடைசியில் முதலாளியைப் பிடித்துக் கேட்டால், கொண்டு வரும்போதே கீறல் இருந்ததாம். அதன்பிறகு என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார்.

இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டது, அவசரமாகச் சொல்கிறேன். அப்பச்சோடா, தேசிக்காய், புளி, பற்பசை, பித்தளை மினுக்குகிற பிராஸோ எதுவும் வேண்டாம், துணியால் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் வெள்ளியின் மேல்தோலே போய்விடும், திரும்ப வராது. வெள்ளியை வெளுக்கிற டிப் திரவமும் அப்படித்தான், கறுப்போடு சேர்த்து அடித்தபோது வந்த பளபளப்பையும் தின்னும். மென்மையான பிளாஸ்டிக் உறையில் கிடந்து பச்சைப் பிசின் பிடித்திருந்தால் சுத்த அசிட்டோனில், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் அல்ல, கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தேய்க்காமல் காயவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. வேறு எதுவாக இருந்தாலும் கை வைக்காமல் அப்படியே கிரேடிங்குக்கு அனுப்புங்கள்.

அப்புறம், யாரிடம் கொடுத்தாலும் கொடுக்க முன்னம் இரண்டு பக்கமும் கிட்ட வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. கீறல் முன்பே இருந்தது என்று அவர் சொன்னபோது காட்ட என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.