கொழுப்புப் பரிசோதனை: தெப்பக்குளம் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்

மதுரை தெப்பக்குளம் பகுதியில் இயங்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மூலம் என் தந்தைக்கு லிப்பிட் ப்ரொஃபைல் எனப்படும் கொழுப்புப் பரிசோதனையைச் செய்தோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த ஊழியர், முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், என்னென்ன மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிக்கை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

குறை அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 192, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 42, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 145, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 121. ஒவ்வொன்றும் பக்கத்தில் அச்சிட்டிருந்த வரம்புக்குள் இருந்ததால், எந்த எண்ணையும் தடித்த எழுத்தில் காட்டவில்லை. எல்லாம் நார்மல் என்று அப்பா மகிழ்ந்துவிட்டார். ஆனால் அவர் மாரடைப்பு வந்து, ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அத்தகையவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றே இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எல்.டி.எல். மிகும்போது அது ரத்தக்குழாயின் உட்சுவரில் புகுந்து ஆண்டுக்கணக்கில் படிகிறது. அந்தப் படிவு வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயையே அடைத்துவிடும். அதுவரை உடம்பு எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், நோயாளிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான். மூளை வறுவலையும் குடல் குழம்பையும் அடியோடு விட்டுவிட்டதால் இனிக் கவலையில்லை என்று அப்பா நம்பியிருந்தார். உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலும் பிற உறுப்புகளுமே உண்டாக்குகின்றன என்பதை மருத்துவர் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார்.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். எல்.டி.எல். அளவு கணக்கிட்டுப் பெறப்பட்டது என்று அறிக்கையிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். அளவையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் இந்த எண் கிடைக்கும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இக்கணக்கு பொருந்தாது. அப்போது நேரடியாக அளந்து தருவதாகத் தொலைபேசியில் தெளிவாக விளக்கினார்கள்.

இதய மருத்துவர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையின் அளவைக் கூட்டி, ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கும் இதே நிலையத்தையே அழைப்போம். இதய நோய் உண்டா என்ற ஒரு கேள்வியைப் பதிவுப் படிவத்தில் சேர்த்து, உண்டு என்பவர்களின் அறிக்கையில் அவர்களுக்குரிய இலக்கையும் அச்சிடும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.