எலக்ட்ரானிக் டிரம்ஸ்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்ட கோளாறுகள்

மெஷ் எனும் வலைத்துணிப் பரப்புள்ள பேடுகள் கொண்ட எலக்ட்ரானிக் டிரம் செட் ஒன்றைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதுவரை வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை கேபிளிலோ, கிளாம்பிலோ, பேடுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலோதான் இருந்தன; அடியை ஒலியாக மாற்றும் மாட்யூல் பழுதானது மிக அரிது. எனவே, ஒரு பேட் ஒலிக்கவில்லை என்றால், மெனுவைத் திறப்பதற்கு முன் நன்றாக ஒலிக்கும் அடுத்த பேடின் கேபிளைக் கழற்றி இதில் செருகிப் பார்ப்பது நல்லது. ஒலி வந்தால் பேடில் குறையில்லை, பழைய கேபிளையோ அதன் இன்புட்டையோ பார்க்க வேண்டும். பேடின் விளிம்பான ரிம் மட்டும் ஒலிக்கவில்லை என்றால், ஸ்டீரியோ கேபிளுக்குப் பதிலாக மோனோ கேபிள் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னை மிகவும் சோதித்தது ஒரு அடிக்கு இரண்டு ஒலி கேட்கும் டபுள் டிரிகர்தான். பலரும் உடனே, எவ்வளவு மெதுவான அடிவரை ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் திரெஷோல்டை உயர்த்திவிடுகிறார்கள். இரட்டை ஒலி நின்றுவிடும் என்றாலும், ஸ்னேரில் மெதுவாகத் தட்டும் கோஸ்ட் நோட்டுகளும் அதோடு காணாமல் போகும். முதலில் டிரம் கீயால் எதிரெதிர் திருகுகளை மாற்றி மாற்றி முறுக்கி, தளர்ந்த மெஷ்ஷைச் சீராக இறுக்க வேண்டும். அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், ஒரு அடிக்குப் பின் வரும் அதிர்வை மாட்யூல் புறக்கணிக்கும் நேரமான மாஸ்க் டைமைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் முப்பத்திரண்டாம் நோட்டுகளுக்கு இடையே சுமார் 62 மில்லிவினாடி இருப்பதால், பத்து மில்லிவினாடி மாஸ்க் டைம் வேகமான ரோலைக்கூடக் கெடுப்பதில்லை.

நடுப்பகுதியில் அடித்தால் மட்டும் ஒலி வெடிப்பதும், ஓரத்தில் மங்குவதும் அதிர்வை உணரும் பீசோ சென்சாரின் மேலுள்ள ஸ்பாஞ்ச் கூம்பு அமுங்கிப்போனதன் அடையாளம். மெஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் கூம்பின் நுனி தட்டையாகி, கறுத்து, விரலால் அழுத்தியும் மீண்டு எழாமல் இருக்கும். இதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய இயலாது, கூம்பைத்தான் மாற்ற வேண்டும்.

டாமை அடிக்கும்போது பக்கத்துச் சிம்பலும் ஒலிக்கும் கிராஸ்டாக், பேடுகளைத் தாங்கும் ரேக் வழியாகப் பரவும் அதிர்வால் வருவது. கிளாம்புகளை இறுக்கி, பேடுகள் ஒன்றையொன்று தொடாமல் நகர்த்தி வைத்த பிறகே, இந்த ஒலியை அடக்கும் கிராஸ்டாக் அமைப்பை உயர்த்துவது நல்லது, ஏனெனில் அளவு மீறினால் இரண்டையும் சேர்த்து அடிக்கும்போது ஒன்று ஒலிக்காமல் போகும். ஹை-ஹாட் பெடல் முழுவதும் மூடாததுபோல் ஒலித்தால், காலை எடுத்துவிட்டு, மாட்யூல் கேட்கும் வரிசையில் மறுபடியும் கேலிபரேட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணினியோடு இணைத்து வாசிக்கும்போது ஒலி பின்தங்குவது டிரம் செட்டின் குறையன்று. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில், கணினி ஒலியைத் தொகுத்து அனுப்பும் பஃபர் 1024 சாம்பிளாக இருந்தால் அதனால் மட்டுமே 23 மில்லிவினாடி தாமதம் ஏற்படும். 128 ஆகக் குறைத்தால் அது 3 மில்லிவினாடிக்குள் அடங்கிவிடும். புளூடூத் ஹெட்ஃபோனைத் தவிர்த்து, வயர் உள்ளதையே பயன்படுத்துங்கள்.