அம்பாசடருக்கு எந்த கூலண்ட்? நெடுநாள் ஓட்டத்தில் தெரிவது

1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசடர் சூடேற ஆரம்பித்தால், பலரும் விலை கூடிய கூலண்டைத் தேடிப் போகிறார்கள். வெப்பத்தைச் சுமப்பதில், கூலண்டின் மூலப்பொருளான கிளைக்கால் கலந்த நீர் வெறும் தண்ணீரை மிஞ்சாது. கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும், அதைவிட முக்கியமாகத் துருவைத் தடுப்பதும்தான் கூலண்டின் வேலை. இந்த வண்டியில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. உள்ளே கிளம்பும் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய்த்தான் அடைக்கும்.

ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் ஈயப் பற்றுவைப்பும். இதற்கு ஒத்துவருவது பழைய ஐஏடி (IAT) வகை, அதாவது கனிம உப்புகளால் துருவைத் தடுப்பது. ஐந்து வருஷம் தாங்கும் என்று விற்கும் ஓஏடி (OAT, கரிம அமிலங்களால் துருவைத் தடுப்பவை) வகைகளில் சில, ஈயப் பற்றை அரித்து, பழைய கேஸ்கெட்டுகளையும் இளக்கிவிடும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பாதீர்கள், அது வெறும் சாயம். கேனில் வகை என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். இரண்டு வகையையும் கலக்கவே கூடாது.

நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலண்ட்) போதும்: 6 லிட்டர் பிடித்தால் 2 லிட்டர். ரேடியேட்டர், பிளாக் இரண்டிலும் உள்ள வடிகுழாய்களைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். அப்படியும் பிளாக்குக்குள் கொஞ்சம் நீர் தங்கும். ஆகவே முதலில் கான்சன்ட்ரேட்டை முழு அளவும் ஊற்றி, மிச்சத்தை பேட்டரி தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் சுண்ணாம்பு உள்ளே ஓடாகப் படியும்.

ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. ஓவர்ஃப்ளோ பாட்டில் இல்லாத வண்டியில் விரிவதற்கு 2 செ.மீ. இடமாவது வேண்டும். இல்லாவிட்டால் சூடானதும் வழிந்துவிடும். மறுநாள் குறைந்திருக்கிறதென்று வெறும் தண்ணீர் விடுவார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பச்சை வெளிறி, மூடியின் அடியில் விரலை வைத்தால் காவி நிறச் சேறு ஒட்டும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பது கூலண்ட் அல்ல.

வெறும் தண்ணீரிலேயே ஓடிய வண்டிக்கு மாற்றினால், முதல் சில வாரம் ஹோஸ் முனைகளையும் வாட்டர் பம்பின் அடித்துளையையும் பாருங்கள். கிளைக்கால் நுண்ணிய இடுக்கிலும் கசியும். காய்ந்த இடத்தில் பச்சைப் பொருக்கு நிற்கும். ஐஏடியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி.

இத்தனைக்கும் பிறகு வெப்பமானி முள் ஏறினால் கூலண்டைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் கோரை (core, மெல்லிய குழாய்கள் அடங்கிய நடுப்பகுதி) மேலிருந்து கீழாகப் பாருங்கள். நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் தெரிந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. கோரைக் கழற்றித் தூர்வார வேண்டியதுதான். அடுத்து ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஃபேன் பெல்ட், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) ஆகியவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் கூலண்டுக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி எறிவது தீர்வே இல்லை; 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை வெந்நீரில் போட்டு, திறப்பதைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வடித்த பழைய கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், கொஞ்சம் போனாலும் உயிரே போய்விடும்.