‘அணில் புகாத’ பேர்ட் ஃபீடர் நம்ம கடலோரத்துக்குச் சரிப்படுமா?

பறவைகளுக்குத் தானியம் வைக்கும் இந்தத் தீனிக் கூண்டை வாங்க நினைக்கிறவர்கள் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அணிலை முதலில் நன்றாகப் பாருங்கள். அது நம்ம ஊர் அணில் இல்லை. சாம்பல் நிறம், புசுபுசு வால், முதுகில் ஒரு கோடுகூடக் கிடையாது. அது அமெரிக்க அணில், அரைக் கிலோ அளவுக்கு எடை இருக்கும். நம்ம தென்னையிலும் பனையிலும் ஓடுகிற மூன்று கோட்டு அணிலுக்கு எடை 100 கிராம் சொச்சம்தான். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இந்த ஃபீடரைத் தொங்கவிட்டு ஆடிக் காற்றும் வாடை மழையும் பார்த்தாகிவிட்டது. நான் சொல்லப்போகிற குறைகளில் முக்கால்வாசி இந்த எடை வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

அமைப்பு இதுதான். நடுவில் தானியம் போடும் பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் கம்பிக் கூண்டு. கூண்டில் கனமாக ஏதாவது தொற்றினால் ஸ்பிரிங் அமுங்கி, கூண்டு கீழே இறங்கித் தீனித் துவாரங்களை மூடிவிடும். விலை 2,000 ரூபாய்க்கு மேல். எந்த எடைக்கு மூட வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்ளலாம், சரி, ஆனால் எவ்வளவுக்குத் திருகுவது? சிட்டுக்குருவி 25, 30 கிராம் இருக்கும். மைனா, பச்சைக்கிளி, அணில் மூன்றுமே 100 கிராமை ஒட்டித்தான். அணிலுக்கு மூடும்படி வைத்தால் மைனாவுக்கும் மூடும், மைனாவுக்குத் திறந்தால் அணிலுக்கும் திறக்கும். எந்த ஸ்பிரிங்காலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

இதில் இன்னொன்று, நம்ம அணில் கூண்டை மிதிக்கவே வேண்டியதில்லை. மேலே மாட்டுகிற கொக்கியில் பின்னங்கால் இரண்டையும் பின்பக்கமாகத் திருப்பிக் கொளுவிக்கொண்டு தலைகீழாக இறங்குகிறது, உடம்பை நீட்டி ஒரு கம்பு மணியை இரண்டு கையிலும் எடுத்து உருட்டி, உமியைப் பல்லால் உரித்துத் தள்ளிவிட்டுத் தின்கிறது, ஸ்பிரிங்குக்கு அது வந்த சேதியே தெரியாது. குட்டி அணில் என்றால் கம்பிக்கு நடுவிலேயே புகுந்து குழாயைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிடும், ஏனென்றால் இடைவெளி ஒன்றரை அங்குலம். குழாயின் துவாரத்தைச் சுற்றி உலோக வளையம் இல்லாததால் பிளாஸ்டிக்கையும் கொறித்துப் பெரிதாக்கிவிட்டது. கொறிக்கும் பிராணிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அது கொறிக்காமல் இருக்க முடியாது. துவாரத்துக்கு உலோக வளையம் இல்லாத எந்த ஃபீடரையும் வாங்காதீர்கள்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். காக்காய்க்கும் புறாவுக்கும் எதிராக இந்தக் கூண்டுக்கு முழு மார்க் கொடுப்பேன். முன்னெல்லாம் மண்சட்டியில் நொய் வைத்தால் காக்காய்க் கூட்டம் வந்து வழித்துப் போகும், சிட்டுக்குருவி வேலியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் கூண்டு வந்த பிறகு குருவிகள் உள்ளே போய் நிதானமாகத் தின்றன. குருவிக்கு மட்டும்தான் தீனி என்று முடிவு செய்தவர்களுக்கு இது உபயோகமான சாமான்தான், அணில் விஷயத்தை வேறு வழியில் பார்த்துக்கொண்டால்.

துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று போட்டிருக்கிறார்கள், கூண்டு பரவாயில்லை, ஸ்பிரிங் வேறு ஏதோ கம்பி. உப்புக் காற்றில் பழுப்பேறி, ஆடி முடிவதற்குள் இறுகி, பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் குருவிக்கும் தீனி எட்டவில்லை. விற்றவர்களிடம் மாற்று ஸ்பிரிங் கேட்டேன், தனியாகக் கிடைக்காது, அடுத்த ஃபீடருக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எஃகிலும் 304, 316 என்று ரகம் உண்டு. 316-இல் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் ஸ்பிரிங் என்ன ரகம் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அணிலை நிறுத்தியது ஃபீடர் அல்ல, கம்பம். கொல்லை நடுவில் ஒரு பைப்பை ஊன்றி, அதன் மேல் நாலு அங்குல பிவிசி பைப்பில் மூன்றடித் துண்டை மேலிருந்து கோத்து, மேல் வாயை மூடிவிட்டு, அடிவாய் திறந்தபடி தொங்கவிட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி வருகிற அணில் பைப்புக்குள் போய் மூடியில் முட்டி இறங்கிவிடும், வெளிப்பக்கத்தில் ஏறலாம் என்றால் வழவழப்பில் நகம் பிடிக்காது. வெல்டிங் கடைத் தம்பியிடம் விளக்கியபோது, “தென்னையில எலி ஏறாம தகரம் அடிக்கிற கதைதானேண்ணே” என்றார். அதேதான். மரம், மதில், கீற்று வேலி, துணி காயப்போடும் கொடி எல்லாவற்றிலிருந்தும் பத்தடியாவது தள்ளி ஊன்றுங்கள், தாவுகிற தூரத்தில் ஒரு மட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும் இத்தனையும் வீண்.

கம்பத்தில் கிரீஸ் தடவச் சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். அது அணிலின் ரோமத்திலும் குருவியின் இறகிலும் ஒட்டிக்கொண்டால் கழுவிப் போகாது. எலிக்கு வைக்கும் பசை அட்டையும் வேண்டாம், அதில் முதலில் ஒட்டுவது ஓணானும் குருவியும்தான்.

மிளகாய் வழி ஒன்று உண்டு, அதற்கு நம்ம மாவட்டத்தை விடத் தோதான ஊர் இல்லை. காரத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு வாங்கி (ரிசெப்டர்) பாலூட்டிகளுக்கு இருப்பது மாதிரி பறவைக்கு இல்லை, கிளி மிளகாய்ப் பழத்தைக் கடித்துத் தின்பது அதனால்தான். அந்த வாங்கியை மிளகாயின் காரப் பொருளை வைத்தே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயை இடித்துக் கம்பில் பிசறி வைத்தேன். குருவி எப்போதும்போல் தின்றது, அணில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனது. ஆனால் காற்று அடிக்கிற நாளில் அந்தத் தூள் உங்கள் கண்ணுக்கும் பிள்ளைகள் கண்ணுக்கும் வரும். என் அம்மாவுக்கும் இதில் சம்மதம் இல்லை. “சேதுல மண் சொமந்த சீவன்ப்பா, அதுக்குப் போய் மொளகாயா?” என்று கேட்டார். மிளகாயை விட்டாயிற்று, மதில்மேல் ஒரு கொட்டாங்கச்சியில் அணிலுக்குத் தனியாகத் தேங்காய்ச் சில் வைக்கிறோம்.

கீழே சிந்துகிற தானியத்தையும் கவனியுங்கள். விடியற்காலையில் மயில் வரும், பக்கத்துப் பாத்தியையும் சேர்த்துக் கிளறிவிட்டுப் போகும். ராத்திரியில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சாயங்காலத்துக்குள் தீருகிற அளவுக்கே போட்டு, பொழுது சாய்ந்ததும் ஃபீடரை உள்ளே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குழாயின் அடியில் நனைந்த கம்பு கட்டியாகிப் பூஞ்சை வரும், அப்படியே விட்டால் குருவிக்கு நோய் வரும். கழற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும். இந்த ஃபீடரில் அடித்தட்டு தனியாகக் கழன்று வருவதால் அந்த வேலை சுலபம்.

மைனாவும் கிளியும் கூட வரவேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கூண்டே வேண்டாம், 300 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரணத் தட்டு போதும். மிச்சப் பணத்தைக் கம்பத்துக்கும் பிவிசி தடுப்புக்கும் போடுங்கள். கடையில் சொல்லும்போது தடுப்பின் மேல்மூடி தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அணில் தரையிலிருந்தே தடுப்புக்கு மேல் தாவிவிடும்.