ஈரக்காற்று ஊரில் எந்தப் பொடி நிற்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்பட்டணத்தில் மூக்குப்பொடிகளை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். மணம் அதற்கு அப்புறம்தான். விடியற்காலைப் பனியும் சாயங்கால மழையும் மாறிமாறி வரும் ஊர் இது. இங்கிலாந்திலோ ஜெர்மனியின் பவேரியாவிலோ பதம் பார்த்து அரைத்த பொடி, இங்கே டப்பா திறந்த சில நாளிலேயே வேறு பொடியாகிவிடும். கடையில் முகர்ந்தபோது பிடித்தது, வீட்டில் ஏன் பிடிக்காமல் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம்மவர்களுக்குப் பழகிய பட்டணம் பொடியில் தொடங்கலாம். புகையிலையை நெய்யில் வறுத்து, இடித்துச் சலித்து, சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது. சுண்ணாம்பு ருசிக்காகச் சேர்ப்பதல்ல. அது காரத்தன்மையைக் கூட்டுகிறது. அமில-காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 8-ஐத் தாண்டும்போது, இலையில் உப்பாகக் கட்டுண்டிருக்கும் நிக்கோட்டினில் பாதிக்கு மேல் விடுபட்டு, மூக்கின் சவ்வு வழியாகச் சட்டென்று ஏறும். ‘சுருக்’கென்று உச்சிக்குப் போகும் அந்த வேகம் அங்கிருந்து வருவது. நெய் துகளுக்குக் கனம் கொடுத்துத் தொண்டைக்குப் பறக்கவிடாமல் நிறுத்துகிறது, வறுத்த மணத்தையும் பிடித்துவைக்கிறது.

கெடுவதும் அதே நெய்யால்தான். நம் ஊர்ச் சூட்டில் நெய் சீக்கிரம் காறிவிடும். ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். பொடியைச் சுற்றி எண்ணெய் வளையம் அகலமாகப் படர்ந்து, தாளை முகர்ந்தால் பழைய பலகார எண்ணெய் வாடை அடித்தால் அந்தச் சரக்கு வேண்டாம். இதை 10, 20 கிராமாக வாங்குவதே சரி. வாழைமட்டையில் கட்டி வந்தால் அன்றைக்கே கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிட வேண்டும், மட்டை இங்கே ஈரம் இழுக்கும். அலுமினிய டப்பாவும் ஆகாது. சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் உட்புறத்தை அரித்து, பொடியில் சாம்பல் நிறத் துணுக்குகள் கலந்துவிடும்.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மரப்பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். அந்த நெடியிலேயே நின்றுவிட்டு வந்த மூக்கு கொஞ்ச நேரத்துக்கு அம்மோனியாவை உணராது. காட்டமான பட்டணம் பொடியும் அப்போது சாதுவாகத் தெரியும், அளவு கூடிவிடும், பிறகு தலைசுற்றலும் குமட்டலும். குளித்துச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் பொடியின் உண்மையான சுபாவம் தெரியும்.

ஐரிஷ் ஹை டோஸ்ட் இதற்கு நேர் எதிர். நெருப்பில் வாட்டி, மாவாக அரைத்தது. நெய் கிடையாது, மேல்மணமும் அநேகமாகக் கிடையாது. சுட்ட இலையின் மணம் மட்டும். புகையிலையை அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நேர்மையான பொடி இல்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் புதியவரை இதுதான் அதிகம் இருமவைக்கும். காரணம் பொடியல்ல, மூச்சு. மல்லிகையை முகர்வதுபோல் மூக்கின் முனையோடு நிறுத்த வேண்டியதை நெஞ்சுவரை இழுத்துவிடுகிறார்கள். அளவும் ஒரு மிளகைத் தாண்டக்கூடாது. ஈரத்தில் கட்டிதட்டினால் கவலையில்லை, தேநீர் வடிகட்டியில் தேய்த்துச் சலித்தால் பழையபடி ஆகும்.

ஆங்கிலேய எஸ்.பி. வகைதான் மணத்தில் எல்லாவற்றிலும் நயமானது. ஷெஃபீல்டில் 1737-இல் தொடங்கிய வில்சன்ஸ் ஆஃப் ஷாரோ செய்யும் எஸ்.பி. இதற்கு நல்ல மாதிரி. நடுத்தர அரைப்பு, லேசான ஈரம், மேலே பர்கமாட் என்ற நாரத்தை இனப் பழத்தோலின் எண்ணெய். முதல் முகர்வில் பழத்தோல், பின்னால் மெதுவாக இலை. சிக்கல் என்னவென்றால், இந்த எண்ணெய் எளிதில் ஆவியாகும். கால்சட்டைப் பையில் டப்பாவோடு வெயிலில் செம்பனைக் காட்டைச் சுற்றினால், மிஞ்சுவது அடியிலிருந்த தொழுவ வாடைதான். பெரிய டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பியில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் திறக்காதீர்கள். 30 நிமிடம் மூடியபடியே வெளியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் வேர்த்து இறங்கும்.

மெந்தால் வகைக்கு அதிக இடம் வேண்டாம். லெஸ்டரில் 1926-இல் தொடங்கிய மெக்கிரிஸ்டல்ஸ், ஜெர்மனியின் போஷ்ல் செய்யும் கிளெட்ஷர் பிரீஸ் இரண்டும் பேர்பெற்றவை. வீட்டுக்கு வீடு கோடாலித் தைலம் இருக்கும் ஊரில் அந்த மணம் புதிதல்ல. மெந்தால் மூக்கடைப்பைத் திறப்பதுமில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, திறந்ததுபோல் காட்டுகிறது. அந்தக் குளிர்ச்சி நிக்கோட்டினின் காட்டத்தை மறைப்பதால் கை திரும்பத் திரும்ப டப்பிக்குப் போகும். மற்றப் பொடிகளோடு ஒரே அலமாரியில் வைத்தால் எல்லாமே தைலமாகிவிடும்.

எதிர்பாராமல் இங்கே நன்றாக நிற்பது பவேரிய ஷ்மால்ட்ஸ்லர். பிரேசில் இலையைப் புளிக்கவைத்து, முன்பெல்லாம் உருக்கிய வெண்ணெய் சேர்த்துச் செய்தார்கள். பட்டணம் பொடிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம். இப்போது சேர்ப்பது பாரஃபின் எண்ணெய் என்பதால் காறுவதில்லை. கரகரப்பான அரைப்பு, உலர்ந்த திராட்சை மணம், நிதானமான ஏற்றம். புறங்கையில் வைத்து இழுப்பார்கள். கறுப்பாக ஒழுகும், கைக்குட்டை அவசியம். பட்டணம் பொடியின் வேகம் வேண்டாம், நெய்யின் வழவழப்பு மட்டும் வேண்டும் என்பவருக்கு இதையே சொல்வோம்.

எதை எடுத்தாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான், பழக்கம் பிடித்துக்கொள்ளும். புகை இல்லையே என்று தைரியம் கொள்ளவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையில்லாப் புகையிலையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் டப்பியை வைக்கக்கூடாது.

வீட்டிலேயே மணமேற்ற விரும்பினால் அடிப்படையாக ஹை டோஸ்டை எடுங்கள். நெய்ப்பொடி புதுமணத்தை ஏற்காது. 25 கிராமுக்கு இரண்டு ஏலக்காய், ஒரு கிராம்பு. லேசாகத் தட்டி, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, பொடியோடு கண்ணாடிக் குப்பியில் ஐந்து நாள் மூடிவைத்து, தினம் ஒருமுறை குலுக்குங்கள். ஆறாம் நாள் முடிச்சை எடுத்துவிடலாம். வாசனை எண்ணெயை நேரடியாகச் சொட்டுவிட்டால் சவ்வு எரியும். பண்டான் இலை, பச்சை மல்லிகை, லிமாவ் (எலுமிச்சை) தோல் எல்லாம் ஆசை காட்டும், ஆனால் அவற்றின் ஈரத்தில் சில நாளிலேயே வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பூஞ்சை பிடித்த பொடியை வெயிலில் காயவைத்துத் திரும்ப எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த பிறகும் பூஞ்சையின் வித்துகள் அதில் இருக்கும், நேரே மூக்கிலேயே ஏறும். அப்படியே கொட்டிவிட்டு, குப்பியை வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அடுத்த பொடியை நிரப்ப வேண்டும்.